நாலாவது கார்பன்

சக்கரபாணி சார் தன்னுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு வெள்ளைத்தாளும் நாலு கார்பன் நகல்களும் சேர்த்து ஒரே மூச்சில் என் பயோடேட்டாவை அடித்துக் கொடுத்தார். முதல் தாளில் எழுத்து கருகருவென்று இருந்தது. ஒவ்வொரு நகலாகப் புரட்டப் புரட்ட வெளுத்துக்கொண்டே போய், நாலாவது கார்பனில் நான் இருக்கிறேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

எழுபத்தாறாம் வருஷம். விருத்தாசலத்தில் பி.காம் படித்த பெண்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். வேலை கிடைத்த பெண்களை எண்ண விரலே தேவைப்படவில்லை. கடைத்தெருவில் புதிதாக ஒரு பைனான்ஸ் கம்பெனி கிளை திறந்து, பீங்கான் யூனிட்டுகளுக்குக் கடன் தரப்போவதாகப் பேச்சு. ஆள் எடுக்கிறார்கள் என்றும் பேச்சு. ஆவணிக்குள் வேலை கிடைக்காவிட்டால் என்னைத் திட்டக்குடியில் கட்டிக்கொடுப்பதாக அத்தை வீட்டில் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை நல்லவர்தான். நான்தான் அவ்வளவு நல்லவள் இல்லை.

பயோடேட்டாவுக்கு ஒரு வரிசை உண்டு என்றார் சக்கரபாணி சார். பெயர், தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில், மதம், சாதி, சொந்த ஊர், அதற்கப்புறம் படிப்பு. தகப்பனார் தொழில் என்ற இடத்தில் டைப் மிஷின் நின்றது. அப்பா அன்றைக்கு வேலை முடிந்து நேராக வந்திருந்தார். சட்டைக் காலரில்கூட வெள்ளைக் களிமண் தூள். பீங்கான் சூளையில் பாத்திரங்களை அடுக்குகிற வேலை அவருக்கு.

"சூளைன்னு போடாதீங்க சார். பிசினஸ்ஸுன்னு போட்டுடுங்க" என்றார்.

சக்கரபாணி சார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிசினஸ் என்றே அடித்தார். அந்தக் கொஞ்ச நேரம் நான் வாயைத் திறக்காமல் இருந்ததை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

தாள்களைப் பங்கு வைத்ததும் சக்கரபாணி சார்தான். கருப்பான ஒரிஜினல் பைனான்ஸ் கம்பெனி மேனேஜர் நடராசனுக்கு. முதல் கார்பன் கடலூர் ஆடிட்டருக்கு. இரண்டாவது வேப்பூர் லாரி முதலாளிக்கு. மூன்றாவது நகராட்சியில் ஒரு பெரிய மனிதருக்கு. நான்கு பேரையும் அப்பாவின் சைக்கிளிலும் பஸ்ஸிலுமாகப் போய்ப் பார்த்தோம். நான்கு பேரும் ஒரே பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். "வச்சிட்டுப் போங்க, சொல்லி அனுப்பறோம்." ஒரு மாதம் ஆயிற்று. யாரும் யாரிடமும் எதையும் சொல்லி அனுப்பவில்லை.

மிச்சம் அந்த நாலாவது கார்பன். அதைக் கொடுக்க அமீர் நிஷா அக்கா ஒருத்திதான் இருந்தாள். முப்பது வயதிருக்கும். புருஷன் குவைத்தில். இவள் இங்கே கரண்ட் பெட்டியில் மாட்டும் பீங்கான் பியூஸ் கேரியர் செய்யும் சின்ன யூனிட் ஒன்றை ஆறு பெண்களை வைத்துக்கொண்டு நடத்தினாள். அதே பைனான்ஸ் கம்பெனியில், அது திறந்ததிலிருந்து மூன்று முறை கடன் கேட்டு மூன்று முறையும் திரும்பி வந்தவள். அவள் சிபாரிசு எதற்கு ஆகும் என்று தெரியாமல்தான் போனேன்.

அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் தெரியலையே புள்ள. என்னா எழுதியிருக்குதுன்னு நீயே சொல்லு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். பி.காம் இரண்டாம் வகுப்பு, டைப்ரைட்டிங் லோயர் என்று ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது என் கை சும்மா இல்லை. எதிரில் கூடையில் சூளையிலிருந்து வந்த பியூஸ் கேரியர்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து, இன்னொன்றால் தட்டி, காதருகே வைத்து, சிலவற்றைத் தனியே தள்ளிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குச் சூளைக்குச் சோறு எடுத்துப்போன நாளிலிருந்து இருக்கிற பழக்கம்.

"எதுக்கு அதுங்கள தள்ளி வக்கிற?"

"விரிசல் இருக்குதுக்கா. சத்தம் அடைச்சாப்ல வருது."

நான் தள்ளி வைத்திருந்த ஏழு கேரியரையும் அவள் எடுத்துப் புரட்டினாள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எழுந்துபோய் ஒரு கிண்ணம் தண்ணீரில் மையைக் கலக்கிக் கொண்டுவந்து ஏழையும் போட்டு வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்தாள். ஏழிலும் தலைமுடிபோல நீலக்கோடு ஓடியது.

"சூளையில எவ்ளோ ஒடையும்னு கூட சொல்லுவியா?"

"மழைக் காலத்துல நூத்துக்கு பதினெட்டு போவும். மண்ணு சரியா காயாது. பங்குனியில ஆறு ஏழுதான். ஏழாங்கிளாஸ்லேர்ந்து நோட்டுல எழுதி வச்சிருக்கறேன்க்கா."

"இது இந்தத் தாள்ல எங்க இருக்குது?"

"இல்லக்கா."

"அப்புறம் என்னாத்துக்கு இந்தத் தாளு? அந்த மேனேஜரு மூணு வாட்டியும் என்னா கேட்டாருன்ற? சூளைக்குப் போனதுல எவ்ளோ முழுசா வரும்னு கேட்டாரு. எனக்கு சொல்லத் தெரியல."

வீடு வரும்வரை நான் நடக்கவில்லை, ஓடினேன். மறுநாள் காலை இன்ஸ்டிடியூட்டில் ஒரு மணி நேரம் மிஷினை வாடகைக்கு எடுத்து நானே அடித்தேன். தலைப்புக்கு அடுத்த முதல் வரியிலேயே சூளை வந்தது. சூளையில் உடைவதைக் கணித்தல், ஒன்பது வருஷ அனுபவம், சூளைத் தொழிலாளி ராஜமாணிக்கத்தின் மகள். பி.காம் அதற்குக் கீழே போனது. சாதி, மதம் எல்லாம் கடைசிக்கும் கடைசி.

சக்கரபாணி சார் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "தலைகீழா அடிச்சி வச்சிருக்கியே. இத எவன் படிப்பான்?"

"படிக்கிறவரு படிக்கட்டும் சார்."

ஒரே ஒரு கார்பன்தான் வைத்தேன். ஒரிஜினலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டு, கார்பனோடு பைனான்ஸ் கம்பெனிக்குப் போனேன். அமீர் நிஷா அக்கா தன் கடன் மனுவோடு கூடவே வந்தாள்.

நடராசன் சலிப்போடுதான் வாங்கினார். "ஏற்கெனவே ஒண்ணு குடுத்தீங்கல்ல?" என்றபடி முதல் வரியைப் படித்தார். சலிப்பு நின்றது. நோட்டுகளைக் கேட்டார். கையோடு கொண்டுபோயிருந்த ஐந்து நோட்டையும் மேஜைமேல் வைத்தேன். புரட்டினார், மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அக்காவின் மனுவை இழுத்து, "இவங்க தை மாசம் ஆயிரம் உருப்படி சூளைக்கு அனுப்பினா?" என்றார்.

"எண்ணூத்தி எழுபது முழுசா வரும் சார். இவங்க நெழல்ல காய வக்கிறாங்க, அதனால இன்னும் பத்து கூட வரலாம்."

அவர் அதை அப்படியே மனுவின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"ஒண்ணாந்தேதி வந்து சேந்துடுங்க" என்றார் நடராசன். "ஆமா, இது கார்பனா இருக்குதே. பைல்ல வக்கணும். ஒரிஜினல் எங்கம்மா?"

"அது எங்கப்பாகிட்ட இருக்குதுங்க சார்."

"வாங்கிட்டு வாங்களேன்."

"அது அவருக்குக் குடுத்தது சார். உங்களுக்கு வேற அடிச்சித் தரேன்."

அவ்வளவு பெரிய ஆபீசில், வேலை கிடைத்து ஒரு நிமிஷம்கூட ஆகாத நிலையில், அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ. படியிறங்கித் தெருவுக்கு வந்தேன். திட்டக்குடி பஸ் எதிரில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போகட்டும் என்று விட்டேன்.

சூளைக்குப் போனபோது அப்பா உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். காலையில் தாளைக் கொடுத்தபோது அவர் உடனே வாங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று போய், கழுவி, வேட்டியில் துடைத்து, அப்புறம்தான் வாங்கினார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. "இதுல சூளைன்றது எது?" என்று மட்டும் கேட்டார். நான் காட்டினேன். ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவுமில்லை.

இப்போது அந்தத் தாள் அவருடைய சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில், மடிக்காமல், காற்றில் பறக்காதபடி ஒரு பீங்கான் கோப்பையை மேலே வைத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். அத்தனை கழுவியும் போகாத களிமண், முதல் வரியில், நான் காட்டிய சொல்லின்மேல், வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகையாகப் பதிந்திருந்தது.