கடைசித் தொட்டித் தண்ணீர்

பட்டறையில் கைபேசி அடித்தபோது அவளுடைய வலது கை தோள்வரை இயந்திரத்தின் கடைசித் தொட்டிக்குள் இருந்தது. வடிகுழாயின் வாயை ஏதாவது அடைத்திருக்கிறதா என்று விரலால் துழாவிக்கொண்டிருந்தாள். வெல்டர்தான் கைபேசியை எடுத்து வந்து அவள் காதில் வைத்துப் பிடித்தார்.

"அவனுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. உடனே வா." கணவனின் அக்கா குரல்.

"இதோ வந்துட்டேன் அண்ணி."

சொன்னாளே தவிர, கிளம்பவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து அலசி, குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள். முதலில் வரும் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது. கொஞ்சம் ஓடவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

"அக்கா, நீங்க போங்க. நான் பிடிச்சுட்டு வரேன்," என்றார் வெல்டர். அவர் கண்கள் ஏற்கெனவே கலங்கியிருந்தன.

"நான்தான் கொண்டு வரணும்னு சொல்லியிருக்காரு."

"மிஷினை நிறுத்திடட்டுமா?"

"வேண்டாம். உள்ள இருக்கிற சரக்கு முடியட்டும். பாதியில நிறுத்தினா பசை இறுகிடும்."

நொறுக்கிய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கழுவும் இயந்திரம் அது. நொறுக்கித் தள்ள ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தத் துண்டுகளில் ஒட்டியிருக்கும் மண்ணையும் லேபிளையும் பசையையும் போக்கத்தான் நல்ல இயந்திரம் இல்லை. சரியாகக் கழுவாத துண்டை உருக்கினால் மறுபடியும் குப்பைதான் கிடைக்கும். இயந்திரத்தைப் படம் வரைந்து உருவாக்கியவள் அவள். விற்பது, வாயடிப்பது, குறை கண்டுபிடிப்பது எல்லாம் கணவன் பொறுப்பு. குறை கண்டுபிடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அதற்கு அவன் ஒரே ஒரு பரீட்சைதான் வைத்திருந்தான். கடைசித் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரை டம்ளரில் பிடித்து ஓர் ஓரமாக வைத்துவிடுவான். பிடித்த கையோடு பார்க்க மாட்டான். "இப்ப எல்லாத் தண்ணியும் யோக்கியமாத்தான் தெரியும். நிக்கவிட்டுப் பாரு," என்பான். சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்து டம்ளரின் அடியைப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். அவள் துடுப்புகளின் சாய்வை மாற்றினாள், தண்ணீரைச் சூடாக்கினாள், சோடாக் காரத்தைக் கூட்டினாள். படலம் மட்டும் போவேனா என்றது.

அவன் படுக்கையில் விழுந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு, ஒரு நாள் மாத்திரையை விழுங்கிக்கொண்டே கேட்டான். "துணியைத் தோய்ச்சுட்டு பிழியாம அலசுவாங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சோப்புத் தொட்டியில இருந்து எடுத்த துண்டை அப்படியே சொட்டச் சொட்ட அடுத்த தொட்டியில போடறியே. அழுக்குத் தண்ணியும் அதுகூடவே சவாரி வருது."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தன் மேலேயே. "இது எப்படி எனக்குத் தோணாம போச்சு?"

"நீ எங்க துணி தோய்ச்ச? கல்யாணமானதிலிருந்து தோய்க்கிறவன் நான்."

அது அப்பட்டமான உண்மை. அன்றே உட்கார்ந்து, இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றித் தண்ணீரை விசிறி எறியும், துளை போட்ட ஓர் உருளையை வரைந்தாள். அவன் தலையணையில் சாய்ந்தபடியே துளைகள் சின்னது என்றான், அவள் போதும் என்றாள், இருவரும் சண்டை போட்டார்கள். நோய் வந்த பிறகு அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. வெல்டர் செய்து முடித்த உருளையை இன்று காலைதான் முதல்முறையாக ஓட்ட வேண்டியிருந்தது. அவனை விட்டுப் போக அவள் தயங்கி நின்றாள்.

"இங்க உக்காந்து என் மூக்கையே பாத்துட்டு இருக்காத. போய் ஓட்டு. தண்ணியை நீயே கொண்டு வா. வெல்டர் கையில குடுத்தா வழியிலேயே பாதியைக் கொட்டிடுவான்."

டம்ளர் நிரம்பியதும் கிளம்பினாள். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். ஓடினால் தண்ணீர் தளும்பும் என்று இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். வாசலில் கால் வைக்கும்போதே உள்ளே இருந்த அமைதி அவளுக்குச் சொல்லிவிட்டது.

அண்ணி கட்டிலோரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், பிறகு டம்ளரைப் பார்த்தாள். "இப்பவும் அந்த மிஷின்தானா உனக்கு?" என்றாள். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

அவள் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் மருந்துப் புட்டிகளைத் தள்ளிவிட்டு டம்ளரை வைத்தாள். அப்புறம்தான் அவன் நெற்றியைத் தொட்டாள். இன்னும் சூடு இருந்தது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று அவன்மேல் கோபம் வந்தது. எதற்கும் அவசரப்படாதவன், நிற்கவிட்டுப் பார்ப்பவன், இதற்கு மட்டும் அவசரப்பட்டுவிட்டான்.

உறவுக்காரர்கள் வந்து கூடம் நிறைந்தது. பட்டறையில் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ, "அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லக் கூடாதா?" என்றார்கள். இன்னொருத்தி, "புருஷன் போற நேரத்துல இவ அங்க இருந்தாளாம்," என்று காதைக் கடித்தாள். எல்லாம் அவள் காதில் விழத்தான் செய்தது. அழுகையும் வந்தது, அழுதாள். ஆனால் தலை குனியவில்லை. போகச் சொன்னவன் யார் என்று அவளுக்குத் தெரியும். சரக்கு தீர்ந்து இயந்திரம் தானாகவே அடங்கியபோது, அறைக்குள் முதல்முறையாக முழு நிசப்தம் வந்தது.

பிற்பகலில் அழுது அழுது அண்ணியின் தொண்டை வறண்டு, குரல் வெறும் காற்றாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கையை நீட்டி, மேசையிலிருந்த டம்ளரை எடுத்தாள். உதட்டருகே கொண்டுபோகும்போதுதான் அவள் பார்த்தாள். பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி! அது குடிக்கிற தண்ணி இல்ல."

"பின்ன?"

"மிஷின் தண்ணி. கடைசித் தொட்டியில இருந்து வந்தது."

அண்ணி டம்ளரை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அதன் வழியாக எதிர்வீட்டுச் சுவரும், மாடியில் காயும் துணிகளும் அப்படியே தெரிந்தன.

"குப்பையைக் கழுவின தண்ணியா இது?"

"ஆமா. அவர் சொன்ன மாதிரி பிழிஞ்சு அலசினது."

"அவனுக்குக் காட்டத்தான் கொண்டு வந்தியா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அண்ணி டம்ளரை மெல்ல மேசையில் வைத்தாள்.

"மிஷின் சத்தம் கேக்குதாக்கான்னு என்கிட்ட கேட்டான்," என்றாள். "ஆமாடா, ஓடுதுன்னேன். சிரிச்சான். அப்புறம் பேசல. காலையிலேயே இதை உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

அவள் அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணி ஒரு கையால் அவள் முதுகைத் தடவியபடி, இன்னொரு கையால் டம்ளரை அவன் தலைமாட்டுக்கு அருகே நகர்த்தி வைத்தாள்.

"இதை ஆட்டிட்டேனே. தப்பா?"

"பரவால்ல அண்ணி. நிக்கட்டும்."

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கும் நேரத்தில் அவனை எடுத்துப்போக வண்டி வந்தது. ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். "கொஞ்சம் இருங்கப்பா," என்று அவர்களை நிறுத்திவிட்டு அண்ணி குனிந்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டம்ளரின் அடியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு அவன் காதுக்குப் பக்கத்தில், யாரையும் தொந்தரவு செய்யாத குரலில் சொன்னாள்.

"ஒண்ணும் படியலடா தம்பி."

வண்டி ஆட்களில் ஒருவர் வெயிலில் வந்த களைப்பில் மேசைப் பக்கம் கையை நீட்டினார். அண்ணி டம்ளரைச் சட்டென்று கையால் மறைத்துக்கொண்டு, "குடிக்கிற தண்ணி உள்ள இருக்குப்பா," என்றாள்.