இஸ்திரிக்காரரின் இடது கண்

இஸ்திரிக்காரரின் இடது கண்ணுக்குள் போட்டோக்காரம்மா மாட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ வருவதற்கு முன்பு. கண் ஆராய்ச்சிக் கூடத்தில் விழித்திரையைப் படமெடுப்பது அவள் வேலை. யார் கண்ணை எட்டிப் பார்த்தாலும் பார்க்கிறவரின் உருவம் உள்ளே பொடிசாகத் தெரியும். அதனால்தானே அதைக் கண்பாப்பா என்கிறோம். முகத்தை எடுத்தால் அந்த உருவமும் போய்விடும். இவர் கண்ணில் போகவில்லை. கண்ணுக்குள் அழற்சி முற்றி, பாப்பா பசை போட்டதுபோல் லென்ஸோடு ஒட்டியிருந்தது. அவள் எழுந்து போன பிறகும் அவள் உருவம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "இந்த நோயில ஒட்டத்தான் செய்யும்" என்றார்.

ஒட்டினால் ஒட்டிவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டிருப்பாள். ஆனால் இஸ்திரிக்காரர் மனைவியைக் கைப்பிடித்து அழைத்து வருவார். அந்த அம்மாள் அவருடைய வலது கண்ணில் ஒட்டியவள். போன வருஷம் அந்தக் கண் இருண்டது. அதே வாரம் அவளுக்கும் இருண்டது. சோதித்தால் அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை, பார்வை மட்டும் இல்லை. இதைக் கேட்டதும் போட்டோக்காரம்மா தன் கண்களை ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்த்துக்கொண்டாள்.

இடது கண்ணிலும் வீக்கம் ஏறியது. கூடத்தில் நடந்த புது மருந்துச் சோதனையில் அவரையும் சேர்த்தார்கள். பழைய மருந்து எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் மாதம் ஓர் ஊசி. பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று யாருக்குமே தெரியக்கூடாது. "தெரியாம இருக்கிறதுதாங்க இதுல நேர்மை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாக விளக்கியவளே இவள்தான். இப்போது அந்த நேர்மை அவளையே குத்தியது. அவள் பார்வையும் மங்கி, கதவு நிலையில் இரண்டு முறை முட்டிக்கொண்ட பிறகு, மானத்தை விட்டு மருந்தறைக்காரரிடம் போய்க் கெஞ்சினாள்.

"சத்தியமா எனக்கும் தெரியாதும்மா. டப்பால நம்பர்தான் இருக்கு" என்றார் அவர்.

அடுத்த தடவை வந்தபோது இஸ்திரிக்காரரின் மனைவி தடவித் தடவி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, உள்ள கொஞ்சம் தள்ளிக்கிறியா? நானும் வந்துடுறேன்."

போட்டோக்காரம்மா அவர் கண்ணைப் பார்த்தாள். ஒருத்தியைத் தாங்கவே தள்ளாடுகிற கண். இன்னொருத்தி ஏறினால் அதோடு முடிந்ததென்றால்?

"அதுவும் போயிட்டா என்னக்கா பண்றது? எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? இருட்டுல தனியா இருந்து பாரு, தெரியும்."

இஸ்திரிக்காரர் இடது கண்ணை அகலத் திறந்தார். படமெடுக்கும் கருவியின் மேல் தாடையை வைத்தபடி காத்திருந்தார். போட்டோக்காரம்மா பஸ்ஸில் இடம் விடுவதுபோல் நாற்காலியில் ஓரமாக நகர்ந்தாள். உள்ளே இருந்தவளும் நகர்ந்தாள். அந்த அம்மாள் கணவரின் இடது கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் வைத்து, மூச்சு விடாமல் நின்றாள்.

படத்தில் இரண்டு பேர் வந்தார்கள். மறுமாதம் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. மருந்தா தண்ணீரா என்பது இன்றுவரை தெரியவில்லை. மூன்று பேருக்கும் அரைகுறையாகத் தெரிகிறது. இடம் நெருக்கமானதிலிருந்து அவர் கண்ணை மூடினால் பெண்கள் இருவருக்கும் இருட்டிவிடுகிறது. அதனால் படுக்கப்போகும் முன் மனைவியிடம் சொல்லிவிட்டு, போட்டோக்காரம்மாவுக்கும் போன் போடுகிறார்.

"மூடப்போறேம்மா."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, "சரிண்ணே" என்கிறாள்.