சுத்தியலுக்கு ஒரு கொலை

வெறும் சுத்தியலை யார் சீண்டுவார்கள்? எடைக்குப் போட்டால் ஒரு டீக்குக்கூடத் தேறாது. அதையே "இதனால் ஒரு மண்டை பிளந்தது" என்று எழுதி இணையத்தில் விலைக்குப் போட்டுப் பாருங்கள், நான் நீ என்று முண்டியடிப்பார்கள். மனிதப் புத்தி அவ்வளவுதான். இந்தச் சூட்சுமம் அவளுடைய கணவனுக்குப் பிடிபட்ட நாளிலிருந்து வீட்டில் அடுப்பு அணையவில்லை. அவன் கதை கட்டுவான், அவள் பொட்டலம் கட்டுவாள்.

பொட்டலத்துக்காக வாங்கிய பழைய செய்தித்தாள்களைக் கிளறி, துப்புத் துலங்காத ஒரு கொலையை இந்தச் சுத்தியலுக்கு அவன் பிடித்துக் கொடுத்தான். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், சாக்கடையில், ஒற்றைச் செருப்போடு கிடந்த ஓர் இளைஞன். "அடித்தவரே என் கையில் கொடுத்தது" என்று தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தான். சனியனை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது அந்த வரிதான்.

நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர் ஒரு வேன்காரர். உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டார். மேசைமேல் இருந்த சுத்தியலைக் கையில் எடுத்தார்.

"அந்தச் சாக்கடையில கெடந்தது என் தம்பி. இதை யாரு குடுத்தான்?"

கணவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, சத்தியமா கதைண்ணே. நானே எழுதினது. இது இரும்புக் கடையில எடைக்கு வாங்கினது."

மேசையில் ஊன்றியிருந்த அவன் கைமேல் சுத்தியல் இறங்கியது. விரல் நசுங்கிய சத்தம், மூலையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அவளுக்குக் கேட்டது. அவன் அலறினான்.

"யாருடா?"

"கதைண்ணே... நம்புங்கண்ணே..."

மறுபடியும் இறங்கியது. விலை ஏற்றுவதற்காக அவன் எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் நம்பிய மனிதர், உயிருக்காக அவன் சொல்லும் உண்மையை நம்பவில்லை. மூன்றாவது முறை சுத்தியல் கணவனின் நெற்றிக்கு நேராக உயர்ந்தது.

"நான் சொல்றேண்ணே!" என்று அவள் கத்தினாள். "குடுத்தவரை எனக்குத் தெரியும்."

உயர்ந்த கை நின்றது. "எப்படி இருப்பான்?"

ஒரு முகம் வேண்டும், உடனே வேண்டும். அவசரத்தில் மனதில் வந்து நின்றது, முந்தின நாள் இதே தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டுப் போன பூட்டுக்காரரின் முகம். சிரித்த முகம். பாவி மகள், அதையே எடுத்து நீட்டினாள்.

"நரைச்ச மீசை. காலை விந்தி விந்தி நடப்பாரு. சந்தை வாசல்ல பூட்டு ரிப்பேர் பண்றாரு."

"என் தம்பி கடைசியா ஏதாவது சொன்னானாமா?"

"'அண்ணே'ன்னு கூப்பிட்டாராம்."

அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, பேசிய விலைக்கு மேலேயே நோட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, சுத்தியலோடு வெளியேறினார்.

அப்போதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. எழுந்து ஓடப் போனவளின் சேலையைக் கணவன் நல்ல கையால் பிடித்தான்.

"விடு. நம்ம உயிர் தப்பிச்சுதே, அது போதும்."

"அந்த மனுசன் என்ன பாவம் பண்ணாரு!" உதறிவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். வேன் கிளம்பிவிட்டது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். "அண்ணே, நான் சொன்னது பொய்! அவருக்கு ஒண்ணும் தெரியாது! பொய்ண்ணே!"

வேன்காரர் வேகத்தைக் குறைத்து, அவள் விரல்களைக் கம்பியிலிருந்து மெதுவாக, வலிக்காமல் பிரித்துவிட்டார்.

"பயப்படாத தங்கச்சி. நீ சொன்னதா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

வேன் சந்தைப் பக்கம் திரும்பியது.