பெல்ட்டுக்கு எண்ணெய்

வண்டியைப் பார்த்ததுமே எப்சிபா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டாள். வண்டி ஓடி வரவில்லை, தள்ளிக்கொண்டு வரப்பட்டது. தள்ளி வந்தவன் ஐந்தருவியில் ரம்புட்டான் பழம் விற்கும் மாரிச்செல்வம். மழைக்கோட்டுக்கு உள்ளே வேர்த்தும் வெளியே நனைந்தும், ஒரு மனிதன் எத்தனை விதமாக ஈரமாக முடியுமோ அத்தனை விதமாகவும் ஈரமாகி நின்றான்.

“எக்கா, மறுபடியும் பெல்ட்டு. ஆக்சிலேட்டரத் திருகுனா மோட்டாரு பாட்டுக்குச் சுத்துது, வண்டி நின்ன எடத்துலயே நின்னு தலைய ஆட்டுது.”

அந்த ‘மறுபடியும்’ அவளுக்குப் புதிதில்லை. தென்காசியில் மின்சார பைக்குக்கென்று ஸ்பேர் பார்ட்ஸும் சர்வீஸுமாக ஒரு கடை போட்டு, தன் பேரையே போர்டில் எழுதி வைத்தவள் அவள். பெட்ரோல் பைக்கில் செயின் இருக்கும் இடத்தில் இந்த வண்டிகளில் பல் வைத்த ரப்பர் பெல்ட் ஓடும். ஒழுங்காக மாட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் இந்தச் சாரல் தொடங்கியதிலிருந்து புது பெல்ட்டெல்லாம் ஊறிப்போய், பல் பிய்ந்து, மண் அப்பிக்கொண்டு திரும்பி வந்தன. அதிலும் ஒரு வேடிக்கை. டவுன் வண்டிகளும் வடகரை வண்டிகளும் சமத்தாக ஓடின. குற்றாலம் பக்கத்து வண்டிகளுக்குத்தான் இந்தக் கேடு.

கம்பெனிக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இல்லை. வாரண்டியில் ஓசி பெல்ட் கொடுத்துக் கொடுத்து அவர்களுக்கும் அலுத்துவிட்டது. மதுரை ஆபீஸிலிருந்து போன் வந்திருந்தது. “மத்த ஊர்ல எல்லாம் போகாத பெல்ட் உங்க ஊர்ல மட்டும் ஏன் போகுது? மாட்டுறதுலதான் கோளாறுன்னு நினைக்கிறோம். சனிக்கிழமை ஆள் வந்து பார்ப்பாங்க. அப்படித்தான்னு தெரிஞ்சா ஸ்பேர் ஏஜென்சிய திருநெல்வேலிக்கு மாத்திருவோம்.” ஏஜென்சி போனால் அவளுக்கு மிஞ்சுவது பஞ்சர் ஒட்டுகிற வேலைதான். அதற்கு இந்தத் தெருவில் ஏற்கெனவே ஆள் இருந்தது. சனிக்கிழமை என்பதோ நாளைக்கு.

ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, பின்சக்கரத்தை முன்னே தள்ளி, பெல்ட்டை உருவி எடுத்தாள். உருவியவள் அப்படியே நின்றாள். ஆடி பிறந்ததிலிருந்து அவளுக்கு மூக்கடைப்பு. அன்று காலையில்தான் ஒரு பக்க மூக்கு மனமிரங்கித் திறந்திருந்தது. திறந்த மூக்கில் முதலில் ஏறியது அவள் பிறந்த வீட்டு வாசம்.

நல்லெண்ணெயில் பச்சைக் கற்பூரமும் வெட்டிவேரும், இன்னும் யாருக்கும் சொல்லாத என்னென்னவோவும் போட்டு அவள் அப்பா அய்யாக்குட்டி காய்ச்சுகிற எண்ணெய். ஐந்தருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அதைத் தேய்த்து, உருவி, சொடக்கு எடுத்து அனுப்புவதுதான் அவர் தொழில். அவளுடைய பள்ளிக்கூடச் சட்டையிலும் பைபிளிலும்கூட அடித்த வாசம் அது. இப்போது பெல்ட்டில் அடித்தது.

“ஏலே, இத எங்கன நிறுத்துவ?”

“ஒங்க அப்பா பெஞ்சுக்குப் பக்கத்துலதான். வேற எங்கன எடம் இருக்கு?” என்றான் மாரிச்செல்வம்.

எப்சிபா பெல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

ஐந்தருவியில் கூட்டம் நெரிந்தது. அய்யாக்குட்டி ஒரு பருத்த முதுகை அருவிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த முதுகுக்காகத் துண்டை உதறிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாயிற்று. அவள் பெல்ட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“இதுக்கு எண்ணெய் விட்டீங்களாப்பா?”

“பின்னே விடாம? மழையில நனைஞ்சா இந்த வண்டியெல்லாம் கீச்சு கீச்சுன்னு அழுதுலா. கேக்கப் பாவமா இருக்கு. நம்ம மக கடை வண்டியாச்சேன்னு, ஆளு குளிச்சிட்டு வருததுக்குள்ள நல்லா தேச்சு உருவி விட்ருவேன். ஒத்தப் பைசா வாங்குதது இல்ல.”

“இதுக்கு எண்ணெயே ஆகாதுப்பா. இது செயின் இல்ல, பெல்ட்டு.”

“பெல்ட்டுன்னுதான் எனக்கும் தெரியுமே.” அய்யாக்குட்டி வேட்டிக்கு மேலே கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டைத் தட்டிக் காட்டினார். “பெல்ட்டுன்னா தோலுதான ஏட்டி? தோலுக்கு எண்ணெய் நல்லதுலா? இத்தன வருசமா நான் வேற என்ன வேல பாக்குதேன்?”

மனுஷன் மேலே இருப்பதும் தோல், இடுப்பு பெல்ட்டும் தோல். தமிழ் முழுக்க அவர் கட்சியில் இருந்தது. எண்ணெய் பட்டால் ஊறிப் பல் உதிர்கிற ரப்பர் மட்டும்தான் எதிர்க்கட்சி.

அவரோ நிறுத்தவில்லை. “தேச்சதும் சத்தம் கப்புனு நின்னுரும். அண்ணாச்சி கைராசியே தனிம்பான் வண்டிக்காரன். இனி என்ன கோளாறுன்னாலும் தென்காசியில எம் மக கடைக்குப் போலேன்னு நானே வழி சொல்லி அனுப்புவேன்.”

அப்போதுதான் எப்சிபாவுக்கு முழுசாக உறைத்தது. அப்பன் கெடுக்கிறான், மகள் மாட்டுகிறாள். வெளியிலிருந்து பார்க்கிற எவனுக்கும் இது ஒரு குடும்பம் சேர்ந்து நடத்துகிற திருட்டு வேலையாகத்தானே தெரியும்? நாளைக்கு வருகிறவன் அன்பு, ஆசை என்றெல்லாமா பார்ப்பான்? பயம் வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வரும். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் பார்க்கப் பார்க்கக் கத்திவிட்டாள்.

“எம் பொழப்பக் கெடுக்கதுக்குன்னே இங்கன உக்காந்திருக்கீங்களா? நாளைக்கு ஆபீசர் வந்து கடையப் பூட்டுனா சந்தோசந்தான ஒங்களுக்கு? இனிமே என் கடைப் பேரு ஒங்க வாயில வரப்படாது!”

அய்யாக்குட்டி துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் இலஞ்சி வந்து சேர்வதற்குள் அவளுக்குக் கோபம் இறங்கி, அழுகை ஏறிவிட்டது. கடைக்கு முன்பணம் கட்டத் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த மனுஷனைப் போய் நாலு பேர் முன்னால் நாயைப் பேசுகிற மாதிரிப் பேசியாயிற்று. திரும்பிப் போகலாம் என்று வண்டியை நிறுத்தினாள். ரோஷம் விடவில்லை. மறுபடி எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் ஒரு முடிவோடு இருந்தாள். அப்பாவைக் காட்டிக் கொடுப்பதில்லை. கேட்டால் சாரல்தான் காரணம் என்று சொல்லிவிடுவது. குற்றாலத்துச் சாரலுக்கு எத்தனையோ புகழ் இருக்கிறது, கூட ஒரு பழியும் இருந்துவிட்டுப் போகட்டும். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், கல்லாவில் நின்று பெல்ட் மாட்டுகிற ஒரு பழைய புல்லிச் சக்கரத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். புல்லியே நம்பின மாதிரி தெரியவில்லை.

தெருமுனையில் கீச் கீச்சென்று சத்தம் கேட்டது. நனைந்து, மண் ஏறி, எண்ணெய் காணாத பெல்ட்டின் சத்தம். கம்பெனிப் பேர் எழுதிய பைக் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு ஈரத்தலை, கழுத்தில் குற்றாலத் துண்டு. சீசனில் தென்காசிக்கு வேலையாக வருகிற யாரும் நேராக வேலைக்கு வருவதில்லை. முதலில் அருவி, அப்புறம்தான் ஆபீஸ். அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அவருக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கை இரண்டையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள் அப்பா.

“ஏட்டி, இந்தத் தம்பி நல்ல பிள்ள” என்றபடி அய்யாக்குட்டி இறங்கினார். “தென்காசிக்குத்தான் போறேன், ஏறுங்கன்னு கூட்டியாந்தாரு. வண்டி வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்துச்சு. எங் கை துறுதுறுங்குது. தொடணுமே நான்? தொடல, கேட்டுக்கோ. அந்த ஆபீசரு வந்துட்டாரா? அவருகிட்ட ஒரு வார்த்த பேசணும்.”

“வந்துட்டார் அய்யா” என்றார் அந்தத் தம்பி. பிறகு எப்சிபாவைப் பார்த்து, “என் பேரு மாரிராஜ். மதுரை ஆபீஸ்லேருந்து வர்றேன். சொல்லுங்க மேடம், பெல்ட் ஏன் போகுது?”

அய்யாக்குட்டி திறந்த வாயை மூடவில்லை. எப்சிபா புல்லியிடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். “சாரல் சார். மலை ஈரம். பெல்ட்டு ஊறிப் போயிருது. வேற ஒண்ணும் இல்ல.”

“பொய் சொல்லுதா சார்!” என்று பாய்ந்தார் அய்யாக்குட்டி. “சாரலாவது மண்ணாவது! நான்தான் தேச்சேன். தோலுன்னு நெனச்சுத் தேச்சுட்டேன். அவளுக்கு நேத்து வர தெரியாது. என்ன வேணா செய்ங்க, கடைய மட்டும் ஒண்ணும் செஞ்சிராதீங்க சார்.”

“சார், அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவர விட்ருங்க” என்று எப்சிபா குறுக்கே வந்தாள்.

மாரிராஜ் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். “மேடம், காலையில தலைக்குத் தேய்க்க உக்காந்தேன். என் தலையில கைய வச்சவர் நான் எழுந்திரிக்கிற வரைக்கும் உங்களப் பத்தியேதான் பேசினார். நீங்க முதல்முதல்ல பெல்ட் மாட்டின கதை, போர்டு எழுதின கதை, நேத்து நீங்க போட்ட சத்தம், எல்லாம் சொல்லிட்டார். நான் யாருன்னு சொல்ல எனக்கு இடமே கொடுக்கல. மனசு கேக்காம ஏத்திக்கிட்டு வந்தேன். ஏமாத்துறவங்க இப்படித் தலையத் தேச்சுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டுவாங்களா?”

பிறகு அவர் மாரிச்செல்வத்தின் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவள் புதிதாக மாட்டியிருந்த பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றி விட்டுப் பார்த்தார். “மாட்டினதுல ஒரு குத்தமும் இல்ல. எண்ணெய் விடாதீங்கன்னு வண்டியில ஒட்டியிருக்கோம், அதுவும் இங்கிலீஷ்ல, பொடி எழுத்துல. அது எங்க தப்பு. ஏஜென்சி இங்கேயே இருக்கட்டும்.”

எப்சிபா அப்பாவின் பக்கம் திரும்பினாள். “நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா.”

“பேசுனது கூடப் போகட்டும். கடைப் பேரச் சொல்லாதேன்னுட்டியே. காலையிலருந்து வந்தவன் போனவன்கிட்டல்லாம் கடைப் பேர மட்டும் விட்டுட்டு ஒன் கதையச் சொல்லி முடிக்கதுக்குள்ள முழிச்சிட்டேன்லா” என்றார் அய்யாக்குட்டி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மாரிராஜின் வண்டி சத்தத்துக்கு மருந்து என்ன என்று அய்யாக்குட்டிக்குத் தெரிந்தாக வேண்டும். நல்ல தண்ணீரை ஊற்றி மண்ணைக் கழுவினால் போதும் என்று எப்சிபா வாளியும் கப்பும் எடுத்துக் கொடுத்தாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அய்யாக்குட்டி தண்ணீரை ஊற்ற, அவள் சக்கரத்தைச் சுற்றினாள். கீச்சுச் சத்தம் குறைந்து குறைந்து நின்றது.

“எண்ணெய் வைக்காம வெறுந்தண்ணியில குளிச்சா சளி பிடிக்காதா ஏட்டி?” என்று அவர் கவலையோடு கேட்டார்.

அடுத்த வேலைக்கு ஸ்பானரை எடுத்துக்கொண்டே பதில் சொல்ல வாயெடுத்த எப்சிபாவுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது.

“பாத்தியா, பாத்தியா!” அய்யாக்குட்டியின் கை அதுவாகவே சட்டைப் பைக்குப் போய்ச் சின்னப் புட்டியை எடுத்தது. மூடியைத் திறந்தவர், நேற்றைய ஞாபகம் வந்து தயங்கி நின்றார். பிறகு அவள் உச்சந்தலையைக் காட்டிக் கேட்டார்.

“இது தோலுதான? இதுக்குத் தேய்க்கலாம்லா?”

எப்சிபா கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டு, அவர் முன்னால் வந்து தலையைக் குனிந்து கொடுத்தாள்.