நாவல் மரத்துக்கு வந்த பந்து

மக்கிண்டர் துரைக்குக் கோப்பியைக் காப்பாற்றத் தெரியவில்லை. பிலிமத்தலாவைக்கு மேலே இருந்த அவருடைய தோட்டத்தில் இலைகள் மஞ்சள் பூத்து உதிர்ந்துகொண்டே இருந்தன. மேட்டுப் பக்கத்துச் செடிகளைப் பிடுங்கி எரித்தாயிற்று. வெறும் புல்லாய்க் கிடந்த அந்த இடத்தில் வேறு யாராவது என்றால் தேயிலையாவது நட்டுப் பார்த்திருப்பார்கள். துரை ஒரு சின்னக் குழி தோண்டி, பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பை நட்டார். சீமையிலிருந்து ஒரு பை நிறையக் கோல்களும், மரப்பாலில் செய்த வெள்ளைப் பந்துகளும் வந்திறங்கின. பந்தைக் கோலால் அடித்து அடித்துக் குழிக்குள் தள்ள வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. நாற்பது வயது மனிதர்.

பந்தோ குழிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒழுங்காகத்தான் கிளம்பும். நடுவழியில் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல வலது பக்கம் வளையும். அங்கே தன்பாட்டில் நின்ற நாவல் மரத்தில் போய் டொக்கென்று மோதும். மூன்று பந்துகள் பிளந்துபோனதும் துரை யோசித்தார். தப்பு மரத்தின் மீதுதான் என்று கண்டுபிடித்தார்.

"யேய் கங்காணி! இந்த மரம் வெட்டு. வெள்ளிக்கிழமை நான் பாக்கிறது, மரம் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை திகனப் பக்கத்துத் துரை ஒருவர் போட்டிக்கு வருகிறாராம்.

"சரிங்க தொர" என்றார் கங்காணி முத்துலிங்கம். அவரைப் பெற்றவளை வெட்டச் சொன்னாலும் தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதையேதான் சொல்லியிருப்பார்.

மரத்தடியில் பந்து பொறுக்கப் பேச்சியம்மாவை நிறுத்தியிருந்தார்கள். அவள் புருஷன் காளிமுத்து அந்த மரத்துக்குக் கீழேதான் கிடந்தான். போன வருஷம் வாந்திபேதியில் ஒரே வாரத்தில் ஏழு பேர் போனார்கள். அவசர அவசரமாய்ப் புதைத்தது. கல் இல்லை, மேடு இல்லை. இரண்டு மழைக்குப் பிறகு எல்லாம் ஒரே புல். நாவல் மரம் ஒன்றுதான் அடையாளம். அது போனால் அவன் எங்கே கிடக்கிறான் என்று அவளுக்கே தெரியாது.

"தொர," என்றாள். "மரம் நின்ன எடத்துலதான் நிக்குது. உங்க தலைதான் நிக்க மாட்டேங்குது."

முத்துலிங்கம் கையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். "வாய மூடுடி, நாசமாப் போறவளே!"

துரை கோலை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "என் தலை எங்கே போகுது?"

"கோலத் தூக்கும்போது ஒரு சாண் வலப்பக்கம் போகுது. பந்துல கோல் படுறதுக்கு முந்தியே மேல எந்திரிச்சு வேடிக்கை பாக்குது. கோலும் அப்பிடித்தான். வெறகு பொளக்கிறவன் கோடாலி மாதிரி நட்டுக்குத்தலா மேல போகுது. பொறகு பந்துக்குக் குறுக்கால அறுத்துக்கிட்டு எறங்குது. பந்து வளையாம என்ன செய்யும்?"

அவள் இதை எந்தச் சீமையிலும் படிக்கவில்லை. செங்குத்துச் சரிவில் கோப்பிக்குக் குழி வெட்டியவள். மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினால் அந்தக் கனமே ஆளைப் பள்ளத்துக்கு இழுத்துவிடும். தோளோடு சாய்த்துத்தான் தூக்க வேண்டும். கண் குறியை விட்டால் வெட்டு காலில் விழும். இடது காலில் பெருவிரல் நகம் இல்லாத இடத்தைத் துரைக்குக் காட்டினாள்.

துரை அந்த விரலை வெகுநேரம் பார்த்தார். காலையிலிருந்து அவரிடம் உண்மை பேசிய முதல் உறுப்பு அதுதான்.

"வெள்ளிக்கிழமை வரை நீ சொல்லு. பந்து மரத்துக்கு வந்தால் மரம் வெட்டுறது."

செடி வரிசைக்கு லைன் பிடிக்கும் கயிற்றை எடுத்துவந்தாள். பந்தருகே ஒரு முளை அடித்து அதில் ஒரு நுனியைக் கட்டினாள். மறுநுனியைத் துரையின் தோளுக்குப் பின்னால் நட்ட கம்பில் ஏற்றிச் சாய்வாக இழுத்துக் கட்டினாள். கோல் அந்தக் கயிற்றை ஒட்டியே ஏற வேண்டும், ஒட்டியே இறங்க வேண்டும். பிறகு தன் சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் துரையின் தலையில் வைத்து, அதன்மேல் ஒரு செம்பு நிறையத் தண்ணீரையும் வைத்தாள்.

முத்துலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூட்டை தூக்குறவளுக்குத் தலை ஆடாது தொர. ஆடுனா கழுத்து போயிரும். உங்களுக்குத் தண்ணிதான் போகும். மெதுவாத் தூக்குங்க."

முதல் நாள் ஒன்பது செம்பு கவிழ்ந்தது. "தொர இம்புட்டுக் குளிச்சு நாம பாத்ததே இல்லடி" என்று கூலிகள் குடியிருந்த லயத்தில் பக்கத்து அறை அங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் நான்கு. வெள்ளிக்கிழமை காலை, கோல் ஏறியது, இறங்கியது, துரையின் சட்டைக் கழுத்து நனையவில்லை. செம்பை இறக்கிவிட்டு அடிக்கச் சொன்னாள். பந்து நூல் பிடித்தாற்போலச் சிவப்புத் துணியை நோக்கிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை திகனத் துரை தோற்று, குதிரை ஏறிப் போனார்.

மரம் பிழைத்தது. நிம்மதி ஒரு நாள்தான்.

திங்கட்கிழமை துரை சிரித்த முகத்தோடு வந்தார். வெயில் அதிகமாம். இனிமேல் குழி நிழலில் இருக்க வேண்டுமாம். "நாவல் மரத்துக்குக் கீழே தோண்டு. மண் எல்லாம் எடுத்துச் சமமாக்கு."

கங்காணி இரண்டு மண்வெட்டிகளோடு தயாராக நின்றார். அங்கே தோண்டினால் காளிமுத்துதான் வெளியே வருவான். பேச்சியம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் துரையின் மண்டையிலேயே செம்பைக் கவிழ்த்திருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்ல எடந்தான் தொர. தோண்டுறதுக்கு முந்தி, பந்து அங்க வருதான்னு ஒருக்கா அடிச்சுப் பாத்துக்குங்க."

துரை மரத்தைக் குறிபார்த்துக் குனிந்து நின்றார்.

"என்ன தொர, இன்னும் தலையக் குனிஞ்சுக்கிட்டு? ஞாயித்துக்கிழமை பந்து போன அழக ஊரே பாத்துச்சு, நீங்க மட்டும் பாக்கல."

"நீதான் சொன்னது, தலை தூக்காதே!"

"அது படிக்கிறவங்களுக்கு. நீங்கதான் படிச்சு முடிச்சிட்டீங்களே. கோல நல்லா ஒசரத் தூக்கி, பந்து போற அழகப் பாத்துக்கிட்டே அடிங்க."

இதைவிட இனிப்பான பாடம் துரைக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கோல் கோடாலிபோல மேலே போயிற்று. தலை அதற்கு முன்னே எழுந்தது. மரத்துக்கு நேரே கிளம்பிய பந்து பழைய வழக்கப்படி வலது பக்கம் வளைந்து, மரத்துக்கு அப்பாலிருந்த ஓடைப் பள்ளத்தில் மறைந்தது. இரண்டாவதும். ஐந்தாவது பந்தும் போனபோது பையில் வேறு பந்து இல்லை.

"இந்த இடம் சரியில்லை" என்றார் துரை. "மரம் அப்படியே விடு." பங்களாவைப் பார்த்து நடந்தார்.

முத்துலிங்கம் மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன புள்ள செஞ்ச நீ?"

"நான் என்ன செஞ்சேன் கங்காணியாரே? அவரு தலை, அவரு தூக்குறாரு."

அவர் போனபிறகு, வெள்ளிக்கிழமையிலிருந்து கட்டியபடியே கிடந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். கால் நீட்டி உட்கார்ந்து, புல்லை உள்ளங்கையால் ஒருதரம் தட்டினாள்.

"நீயாச்சும் தலையத் தூக்காமக் கெட."