பீடத்துக்குச் சூரியகாந்தி

என் அக்கா சோபியாவின் கல்யாணத்துக்குக் கோயில் பீடத்தில் சூரியகாந்தி வைப்பது என்று முடிவானபோது, அதை வளர்க்கத் தகுதியான ஆள் ஏலாக்குறிச்சியிலேயே நான்தான் என்று நானே சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. அரியலூரில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன், கொய்மலர்ச் சாகுபடி பற்றி யூடியூபில் ஒரு வீடியோவை முக்கால்வாசி பார்த்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா சாந்தி மேரி, திருச்சியிலிருந்து பூ அலங்காரக்காரரை வரவழைப்பதாகத்தான் இருந்தார். "வேணாம் அத்தை, என் தம்பி டேவிட்ராஜ் வளக்குறான்" என்று அக்கா தடுத்துவிட்டாள். சம்பந்தி வீட்டில் அவள் வாய் திறந்து சொன்ன முதல் விஷயம் அது. அதை மெய்யாக்க வேண்டியவன் நான். தேதியையும் நகர்த்த முடியாது. சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம். கல்யாணமும் கிடையாது, பீடத்தில் பூவும் கிடையாது.

விதை வாங்கினேன். நெருக்கி ஊன்றினால்தான் காம்பு மெலிந்து, பூ உள்ளங்கை அளவில் நிற்கும் என்று விதைக் கடையில் சொன்னார்கள். நெருக்கி ஊன்றினேன். மைனா கிளறாமலிருக்க அம்மாவின் புடவைகளை மேலே விரித்தேன். அதில் ஒன்று கல்யாணத்துக்கு எடுத்த புடவை என்பது எனக்குத் தெரியாது; அம்மாவுக்கு உடனே தெரிந்தது. விதையெல்லாம் ஒழுங்காக முளைத்தது. அத்தோடு நான் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம்.

பக்கத்து வயலில் கொளஞ்சியப்பன் மாமா செவ்வந்தி போட்டிருந்தார். ஒருநாள் செடி செடியாக நுனியைக் கிள்ளிக்கொண்டே போனார்.

"ஏன் மாமா கிள்ளுறீங்க?"

"கிள்ளுனாத்தான் பக்கத்துல கெளைச்சு நெறைய பூக்கும்."

"சூரியகாந்திக்கும் கிள்ளலாமா?"

"அது எனக்குத் தெரியாது தம்பி."

தெரியாது என்றாரே தவிர, கூடாது என்று சொல்லவில்லை. கிள்ளினேன். ஒரு செடியைக்கூட விடவில்லை. வாழ்க்கையில் நான் முழுதாகச் செய்து முடித்த ஒரே வேலை அதுதான்.

பொங்கல் போனது. இலை வந்தது, மேலும் இலை வந்தது. என் வகுப்புத் தோழன் காமில் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து பார்த்தான்.

"மாப்ள, கீரைனு சொல்லி கட்டுக் கட்டி வித்துருடா."

விதைக் கடைக்குப் போன் போட்டேன். "ஒத்தத் தண்டு ரகம் சார். நுனியில ஒரே ஒரு பூதான்" என்றார் கடைக்காரர்.

"நுனிய கிள்ளிட்டா?"

"அத யாரு சார் கிள்ளுவா?"

"ஆடு" என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காமில்தான் வழி சொன்னான். வேப்பந்தட்டைப் பக்கம் எண்ணெய்க்காகப் போட்ட சூரியகாந்தி பூத்து நிற்கிறதாம். போன வாரம் அங்கே ரீல்ஸ் எடுத்தானாம். அவன் மாமாவின் குட்டியானை வண்டியில் போனோம். வயல்காரர் புஷ்பவல்லி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"போன வாரம் ஒருத்தன் ரீல்ஸ் எடுக்கிறேன்னு செடிய மிதிச்சுட்டுப் போனான். அவன் நீதானா?"

"நான் இல்லீங்கக்கா" என்றேன். காமில் வண்டிக்கு அந்தப் பக்கம் டயரில் காற்று பார்க்கப் போய்விட்டான்.

விஷயத்தைச் சொன்னேன். ஆட்டை விட்டுவிட்டு, நான் கிள்ளியதாகவே சொன்னேன். அவர் சிரித்து முடிக்க நேரமானது.

"இவ்ளோ படிச்சவன் அழுதுருவ போலருக்கு. நடுவுல பாத்து வெட்டிக்க. ஓரத்துல வெட்டுனா வயலு மொட்டையா தெரியும்."

ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம். காம்பு மண்வெட்டிப் பிடி. வீட்டிலிருந்து அக்கா போனில் கேட்டாள்: "பூ எப்படிடா வந்திருக்கு?"

"பெருசா வந்திருக்கு."

காலையில் பீடத்தின் இருபுறமும் வாளியில் மணல் நிரப்பி நட்டேன். பூசை தொடங்கும்போதே, கனம் தாங்காமல் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. ஒரு பூகூட மாப்பிள்ளை-பெண் பக்கம் பார்க்கவில்லை. பீடத் துணி முழுக்க மஞ்சள் மகரந்தம். ஃபாதர் பிரசங்கத்தில் நாலு தரம் தும்மினார்.

பூசை முடிந்ததும் சாந்தி மேரி அக்காவிடம் வந்தார். நான் தூணோரம் நின்றேன்.

"ஏம்மா, ஒன் தம்பி வளத்த பூவெல்லாம் ஏன் இப்புடித் தலை கவுந்து கெடக்கு?"

அக்கா பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அதுங்களாவது தலை குனிஞ்சு ஜெபம் பண்ணுதே அத்தை. இவனப் பாருங்க, வாயப் பொளந்துகிட்டு நிக்கிறான்."

சாந்தி மேரி சத்தமாகச் சிரித்தார். அக்காவின் முந்தானையில் ஒட்டியிருந்த மகரந்தத்தை அவரே தட்டிவிட்டு, கையைப் பிடித்துச் சாப்பாட்டுப் பந்தலுக்கு அழைத்துப் போனார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.