ஜெப நேரத்தில் திறந்த கதவு

எங்கள் நேபோ சபையில் ஜெபம் நடக்கும்போது கதவு திறக்காது. கவர்னரே வந்தாலும் படியில் நிற்க வேண்டியதுதான். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அந்தக் கதவைக் காப்பது என் ஊழியம். வாய் திறக்கக் கூடாது, எல்லாம் கைச்சாடைதான். எனக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று ஊருக்கே தெரியும்.

அமெரிக்கக் கறுப்பர்களின் அடிமைத்தளை அறுந்ததும், எங்கள் முன்னோர் தங்களுக்கு வீடு கட்டுமுன் கட்டிய கோயில் இது. பள்ளிக்கூடங்கள் எங்களுக்குக் கதவடைத்தபோது எழுத்துப் படித்தது இங்கே. ஓட்டுரிமைக்குக் கூடியதும் இங்கே. கல்யாண விருந்தும் சாவுச் சோறும் இங்கேதான். பட்டாளத்திலோ சிறையிலோ கிடக்கும் பிள்ளைகளின் பெயரை ஞாயிறுதோறும் சபையின் மூத்த ஊழியர் டீக்கன் பர்விஸ் ஜெபத்தில் சொல்லுவார்.

லெமுவேல் சிறையிலிருந்து வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. சின்ன வயதில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன். அவன் உள்ளே இருந்தபோதே அவன் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஒருநாள் அவனைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, சபைக்கு வழி மறந்துபோச்சா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது, எர்னஸ்டீன்? பெத்தவ பெட்டியத் தூக்கக்கூட வராதவன் நான்."

"இருக்கிறது ஒரு மூஞ்சிதானே, அதையே கொண்டா."

சிரிக்கவில்லை அவன். "ஒரே ஒரு தடவ வர்றேன். யாராச்சும் மூஞ்சியத் திருப்பினா அட்லாண்டா பஸ் ஏறிடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தான், தோளில் துணிப்பையோடு. வந்த நேரம்தான் கெட்ட நேரம். பர்விஸ் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனைப் பார்த்ததும், பழக்கதோஷம், என் கையுறைக் கை தானாக உயர்ந்தது. நில் என்று.

அந்தக் கையையே பார்த்தான். முகம் செத்துப்போனது. இந்தச் சபையில் வளர்ந்தவன்தான். ஆனால் இத்தனை காலம் அவனுக்கு உயர்ந்த கைகள் எல்லாம் துரத்திய கைகள். திரும்பிப் படியிறங்கினான்.

பர்விஸ் ஜெபித்து முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த கோழி கருகிவிடும், அவ்வளவு நீளம். அதற்குள் பஸ் போய்விடும். அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"ஆண்டவரே, எங்க லெமுவேல நினைச்சருளும். அவன் அம்மா இடம் காலியாவே இருக்கு. எங்க புள்ளைய எங்ககிட்ட சேத்துரும்."

அவன் விடுதலையானது பர்விஸுக்குத் தெரியும். கோயிலுக்குள் கால் வைக்கும்வரை பிள்ளை வீடு திரும்பியதாக அந்தக் கிழவர் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு கதவையும் விரியத் திறந்தேன்.

"டேய் லெமுவேல்! நில்லுடா மடையா! ஜெபம் நடக்குதுன்னுதான்டா கை காட்டினேன்! உன் பேரத்தான் சொல்றாங்க, காதக் குடுத்துக் கேளு!"

சபையே திரும்பியது. பர்விஸ் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "ஆண்டவரே, எர்னஸ்டீனோட வாயையும் மன்னிச்சருளும்" என்றார். பிறகு இன்னும் உரக்க, "லெமுவேல்!" என்றார். "லெமுவேல்!" என்றது சபை முழுவதும்.

அவன் படிக்குக் கீழே நின்று குலுங்கி அழுதான். நான் இறங்கிப்போய்க் கையைப் பிடித்து, அவன் அம்மாவின் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். என் கையுறை நனைந்துபோயிருந்தது.

பர்விஸ் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். "அடுத்த வாரத்துலருந்து இந்தப் பேரச் சொல்ல வேண்டியதில்ல ஆண்டவரே. ஆமென்."